மேலிருந்து எடுத்த படமும் குழிக்குள் இருக்கும் மனிதனும்

யுத்த களங்களில் ஆகாயத்திலிருந்து எடுக்கப்படும் படங்கள் இப்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் வந்து விழுகின்றன. உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையிலும், ஒரகடம் ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்திலும் வாலிபர்கள் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வயல்வெளி தெரிகிறது. அதன் நடுவே கோணல்மாணலாக ஒரு கோடு. கோட்டுக்குள் ஒரு புள்ளி அசைகிறது. மேலேயிருந்து ஏதோ விழுகிறது, புகை கிளம்புகிறது. அதன் பிறகு அந்தப் புள்ளி அசைவதில்லை. "சரியான அடி!" என்கிறான் ஒருவன். விரல் அடுத்த படத்துக்கு நகர்கிறது.

அந்தக் கோடு, மண்வெட்டியால் வெட்டப்பட்ட பதுங்குகுழி. அந்தப் புள்ளி, ஒரு காலாட்படைச் சிப்பாய். எந்தத் தேசத்துப் பட்டாளமானாலும் சரி, குழி வெட்டி அதற்குள் உட்காருகிறவன் பெரும்பாலும் உழவன் வீட்டுப் பிள்ளை. அல்லது தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நம்மைப் போன்றவன் சாவதை நாமே வேடிக்கை பார்க்கும்படி ஆகியிருக்கிறது. ஆகவே இந்தப் படங்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: மேலிருந்து எடுத்த படம் மண்ணைக் காட்டும், மனிதனைக் காட்டாது. குழிக்குள் இருப்பவன் யார், அவனை அனுப்பியது யார், என்ன வாக்குக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதைக் கீழே இருக்கிற நாம்தான் கேட்க வேண்டும்.

மண் காட்டிக்கொடுக்கிறது

ஆகாயப் படத்தைப் படிப்பது பெரிய வித்தை என்று யாரும் மிரள வேண்டியதில்லை. ஏரியில் மண் வெட்டியவனுக்கும், வரப்பில் நடந்தவனுக்கும் பாதி வித்தை முன்பே தெரியும்.

வெட்டிப் போட்ட புதுமண்ணின் நிறம் வேறு. வெயிலும் மழையும் பட்டுக் கிடந்த மேல்மண்ணின் நிறம் வேறு. பத்துப் பேர் நாலு நாள் ஒரே வழியாகப் புல்லில் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது அந்தப் பாதை வெளுத்துத் தெரியும். குழியைத் தழை போட்டு எவ்வளவு சாமர்த்தியமாக மூடினாலும், சோறு கொண்டுவருகிறவனின் காலடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வயல் நடுவே போய் எங்கும் சேராமல் நின்றுவிடும் ஒரு பாதையைப் படத்தில் கண்டால், அந்த முனையில் எந்திரத் துப்பாக்கி இருக்கிறது என்று அதிகாரி குறித்துக்கொள்வான்.

குழிகளை நேர்க்கோட்டில் வெட்டாமல் மடக்கி மடக்கி வெட்டுவதற்கும் காரணம் உண்டு. நேராக வெட்டினால் ஒரு குண்டு விழுந்தாலும் அதன் சிதறல் குழி நெடுக ஓடும். எதிரி ஒரு முனையில் நின்று சுட்டால் மறுமுனை வரைக்கும் ஆள் விழுவான். மடக்கு இருந்தால் சாவு அந்த ஒரு மடக்கோடு நிற்கும். உயிரைக் காக்க வெட்டிய அந்த மடக்குகளே ஆகாயப் படத்தில், "இது வாய்க்கால் அல்ல, பதுங்குகுழி" என்று அடையாளம் சொல்லிவிடுகின்றன.

காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது படம் எடுத்தால் நிழல் நீளும்; மேட்டையும் பள்ளத்தையும் நிழலே சொல்லும். சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் குழியின் ஆழமே கண்ணுக்குத் தெரியும். இன்றைய கேமராக்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. உடம்பின் சூட்டைக் கொண்டே இருட்டில் ஆளைக் கண்டுபிடிக்கின்றன. இரவு கூடச் சிப்பாய்க்கு மறைவிடம் இல்லை.

இவ்வளவும் தெரிகிற படத்தில், அந்த ஆளின் பெயர் தெரிவதில்லை. அவன் வீட்டுக் கடன் தெரிவதில்லை.

நூவ் ஷாப்பெல், 1915

இந்த வித்தை பெரிய அளவில் முதன்முதலாகப் பயன்பட்ட சண்டைகளில் ஒன்றில் இந்தியச் சிப்பாய்களின் ரத்தம் ஆறாக ஓடியது. நம் பள்ளிப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரையில் குண்டு வீசியது. அது நம் கிழவிகளின் பேச்சில்கூட நெடுநாள் நிலைத்து நின்ற சங்கதி. அதே மாதக் கடைசியில் இந்தியத் துருப்புகள் கப்பல் கப்பலாகப் பிரான்சு தேசத்து மார்சேய் துறைமுகத்தில் போய் இறங்கின. பஞ்சாபிகள், கர்வாலிகள், கூர்க்காக்கள், டோக்ராக்கள் என எல்லாரும் நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். ஜெர்மன் சக்ரவர்த்திக்கும் பிரிட்டிஷ் ராஜாவுக்கும் நடந்த சண்டையில் இவர்களுக்கு என்ன வழக்கு? ஒன்றுமில்லை.

1915 மார்ச் 10 அன்று வட பிரான்சில் நூவ் ஷாப்பெல் என்ற சிற்றூரின் மேல் தாக்குதல் நடந்தது. தாக்கிய படையில் ஏறத்தாழப் பாதி இந்தியப் படை. அதற்கு முன்னால் பல நாட்கள் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் பதுங்குகுழிகளின் மேல் பறந்து படம் எடுத்தன. அந்தப் படங்களிலிருந்து ஒவ்வொரு குழியையும் அளந்து வரைபடம் போட்டு, ஒவ்வொரு பெரும்படைப் பிரிவுக்கும் ஏறத்தாழ 1,500 பிரதிகள் கொடுத்தார்கள். தாக்கப் போகும் இடத்தின் குழிகள் முழுவதையும் ஆகாயப் படத்தைக் கொண்டே வரைந்து கையில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ராணுவம் இறங்கிய முதல் சண்டை அதுதான்.

காலை 7.30-க்குப் பீரங்கிகள் முழங்கின. 35 நிமிஷம் இடைவிடாமல் குண்டுமாரி. அதன் பின் காலாட்படை எழுந்து ஓடியது. நடுவில் ஊர் பிடிபட்டது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் இடது பக்கம் என்ன நடந்தது? அங்கே சுட வேண்டிய கனரகப் பீரங்கிகள் சண்டைக்கு முந்தின நாள்தான் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தன. குறி பார்த்துப் பழக நேரமில்லை. சுமார் 400 கஜ நீளத்துக்கு ஜெர்மன் குழி சேதமில்லாமல் நின்றது. முள்கம்பி வேலியும் அறுபடவில்லை. அதை நோக்கி ஓடிய பிரிட்டிஷ் காலாட்கள் வரிசை வரிசையாக விழுந்தார்கள். வலது பக்கம் கர்வாலிப் பட்டாளம் ஒன்று திசை தப்பி, குண்டு விழாத குழிக்கு நேரே போய் மோதியது. அதிகாரி கையில் அருமையான வரைபடம் இருந்தது. ஆனால் ஓடுகிறவன் கண்ணுக்கு முன்னால் புகையும் சேறும் தவிர வேறென்ன இருந்தது?

ஊர் பிடிபட்ட பிறகு மேலிடத்து உத்தரவுக்காக மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. அன்று இரவே ஜெர்மானியர் பின்னால் புதுக் குழிகளை வெட்டிக்கொண்டார்கள். மறுநாள் பனிமூட்டம். மேலேயிருந்து எதுவும் தெரியவில்லை. புதுக் குழி எங்கே என்று தெரியாமலே சிப்பாய்களை மீண்டும் மீண்டும் அனுப்பினார்கள். கையில் இருந்த படம் பழைய குழியின் படம். சாவு இருந்தது புதுக் குழியில்.

அந்தச் சில நாட்களில் இந்தியத் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவரும் ஏறத்தாழ 4,200 பேர். பிரிட்டிஷ் தரப்பில் ஏறத்தாழ 7,000 பேர். கிடைத்தது ஒரு சிற்றூரும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும். கர்வால் மலையைச் சேர்ந்த கபர் சிங் நேகி என்ற 19 வயதுப் பையன் ஜெர்மன் குழிக்குள் புகுந்து சண்டையிட்டு அங்கேயே செத்தான். அவனுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 1927-ல் அதே ஊரில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டு புதைத்த இடம் தெரியாமல் போன இந்தியர்கள் 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயரை அதில் பொறித்தார்கள். ஒவ்வொரு குழியையும் கஜக்கணக்கில் அளந்து வரைந்தவர்களால், இத்தனை பேர் எங்கே விழுந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை!

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தனியாக ஒரு தணிக்கை இலாகா வைத்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து எதிரியைப் பார்த்த கண்ணும், கடிதத்தைப் பிரித்துத் தன் சிப்பாயைப் பார்த்த கண்ணும் ஒரே எஜமானனின் கண்கள்தாம். சிப்பாயைக் கண்காணிப்பதற்கு அவை உதவின. அவன் குறையைக் கேட்பதற்கு அல்ல.

கார்கில், 1999

"அது வெள்ளைக்காரன் காலம், இப்போது நம் ராணுவம், நம் எல்லை" என்று சிலர் சொல்லலாம். சரி, நம் எல்லையையே பார்ப்போம்.

1999-ல் கார்கில் மலை முகடுகளில், குளிர்காலத்தில் நம் படை காலிசெய்துவிட்டு வரும் இடங்களில் பாகிஸ்தான் துருப்புகள் வந்து உட்கார்ந்துகொண்டன. 16,000 அடிக்கும் மேலான உயரம். பாறையில் குழி தோண்ட முடியாத இடங்களில் கல்லை அடுக்கி மறைப்புக் கட்டிக்கொண்டார்கள். நம் ஹெலிகாப்டர்கள் அந்தக் குளிர்காலத்தில் மலைகளின் மேல் சுற்றித்தான் வந்தன. அவற்றின் கண்ணில் எதுவும் படவில்லை. நம்மிடம் அப்போது இருந்த சிறந்த செயற்கைக்கோள் கேமராவின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 6 மீட்டர் சதுரம். ஒரு மாட்டுக் கொட்டகையே அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆளும் கல்லடுக்கும் எப்படித் தெரியும்?

யார் கண்டுபிடித்தார்கள்? மேய்ப்பர்கள்! மே மாதத் தொடக்கத்தில், பட்டாலிக் பகுதியைச் சேர்ந்த டாஷி நம்கியால் என்பவர் காணாமற்போன தம் யாக் எருதைத் தேடி மலையேறினார். பைனாகுலரில் பார்த்தபோது அந்நியர்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இறங்கிவந்து ராணுவத்துக்குச் சொன்னார். மே 3 அன்று மேய்ப்பர்கள் மூலம்தான் முதல் தகவல் கிடைத்தது என்பது ஏட்டில் உள்ள செய்தி. நம்கியால் 2024 டிசம்பரில் காலமானார். வானத்து எந்திரங்கள் காணாததை மண்ணில் நடந்த மனிதன் கண்டான்.

பிறகுதான் படம் எடுக்கும் விமானங்கள் பறந்தன. மே 21 அன்று பட்டாலிக் அருகே படம் எடுக்கப் போன கான்பெரா விமானத்தின் ஒரு எஞ்சினை எதிரியின் ஏவுகணை தாக்கியது. மிஞ்சிய ஒற்றை எஞ்சினோடு விமானி அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் தீரத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் உச்சியில் எத்தனை பேர், எங்கெங்கே என்பது சரிவர விளங்குவதற்கு முன்பே காலாட்கள் செங்குத்தான பாறைகளில் ஏற வேண்டியிருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக்கில் எதிரியின் குழியைத் தாக்கி உயிர் நீத்தார். அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த யுத்தத்தில் நம் தரப்பில் மாண்டவர்கள் 527 பேர்.

எதிர்த்தரப்புச் சிப்பாயின் கதி என்ன? அவர்களில் பெரும்பாலோர் கில்கித், பால்டிஸ்தான் மலைகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். "அவர்கள் எங்கள் ராணுவமே அல்ல" என்று அவர்களை அனுப்பிய சர்க்காரே உலகத்துக்குச் சொல்லிற்று. பல உடல்களை ஏற்றுக்கொள்ள மறுத்தது. அவர்களில் பலரை நம் சிப்பாய்களே அந்த மலைகளில் அவர்கள் மதமுறைப்படி அடக்கம் செய்தார்கள். பெற்ற தாய்க்குத் தெரிந்த பிள்ளையை, அனுப்பிய சர்க்கார் தெரியாது என்றது. இந்தப் பொய்யை எந்த ஆகாயக் கேமரா படம் பிடிக்கும்?

கார்கிலைப் பற்றி ஆராய, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. ஆளில்லா விமானங்கள் வேண்டும், கூர்மையான செயற்கைக்கோள்கள் வேண்டும் என்றது. நியாயமான யோசனைதான். எதிரி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தால் நம் பிள்ளைகள் சிலராவது பிழைப்பார்கள். கேமரா நமக்கு விரோதி என்று நாம் சொல்லவில்லை. அதே குழு, பட்டாளத்தை இளமையாக வைக்கச் சிப்பாயின் சேவைக் காலத்தை 7 முதல் 10 வருஷம் என்று குறைத்து, பிறகு துணை ராணுவப் படைகளுக்கு மாற்றலாம் என்றும் சொன்னது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

கண்டும் இரங்காத கண்

கார்கிலில் கண் இல்லாததால் உயிர் போயிற்று. கண் இருந்தும் உயிர் போன கதை நம் இனத்துக்கே தெரியும்.

2009-ல் வன்னியிலும் முள்ளிவாய்க்கால் மணலிலும் லட்சக்கணக்கான தமிழ் ஜனங்கள் பதுங்குகுழி வெட்டிக் குழந்தைகளோடு அதற்குள் கிடந்தார்கள். புலிகளின் போராளிகளும் அதே மணலில் குழிக்குள் இருந்தார்கள். மேலே இலங்கை ராணுவத்தின் ஆளில்லா விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் மேலே செயற்கைக்கோள்கள். "தாக்குதலற்ற பிரதேசம்" என்று சர்க்காரே அறிவித்த இடத்தில் குண்டு விழுந்த பள்ளங்களை ஐ.நா.வின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 40,000 பேர் வரை பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்றும், குண்டுகளின் விளைவு இன்னது என்பது சர்க்காருக்கு அதன் சொந்த உளவு ஏற்பாடுகள் மூலமே தெரிந்திருந்தது என்றும் ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கூறிற்று.

எனவே, கேமரா நன்றாகத் தெரிந்தால் கருணை பிறக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். கருணையும் கொடுமையும் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவனிடம் இருக்கின்றன.

இன்று குழிக்குள் யார்?

கைப்பேசியில் வரும் இன்றைய படங்களில் பல ரஷ்யா - உக்ரைன் யுத்தத்தில் எடுக்கப்படுபவை. 2022 பிப்ரவரியில் தொடங்கிய யுத்தம் அது. நம் ஊர்க் கல்யாணங்களிலும் தேர்த் திருவிழாவிலும் பறக்கிறதே, அந்த மாதிரிச் சின்ன டிரோன்களில் குண்டைக் கட்டிப் பதுங்குகுழிக்குள் போடுகிறார்கள். விழுவதையும் படம் எடுத்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள்.

அந்தக் குழிகளில் நம் நாட்டுப் பையன்களும் இருந்தார்கள்! "உதவியாளர் வேலை, நல்ல சம்பளம்" என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டி அழைத்துப்போய், ரஷ்ய ராணுவத்தில் சேர்த்து, யுத்தமுனைக்கு அனுப்பினார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. இது குறித்துச் சோதனை நடத்திய நகரங்களில் சென்னையும் மதுரையும் உண்டு. 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் கணக்குச் சொல்லிற்று: சேர்க்கப்பட்ட இந்தியர் 126 பேர், திரும்பியவர் 96, மாண்டவர் 12, காணாமற்போனவர் 16. அதன் பிறகும் ஆள்பிடிப்பு ஓயவில்லை. அப்படிப்பட்ட வேலைக்குப் போகாதீர்கள் என்று 2025 செப்டம்பரில் மறுபடி எச்சரிக்க வேண்டி வந்தது.

எச்சரிக்கை போதுமா? வேலை இல்லாதவனிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால் அவன் எங்கே போவான்? டீக்கடையில் "சரியான அடி" என்று பார்க்கப்படும் புள்ளி, அடுத்த தெருப் பையனாகக்கூட இருக்கலாம்.

நம் சொந்தப் பட்டாளத்தின் விஷயம் என்ன? கார்கில் குழு 7 முதல் 10 வருஷம் என்றது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டம் நாலே வருஷம் என்றது. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மிகாமல் வைத்துக்கொண்டு, மற்றவரை ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாயோடு வீட்டுக்கு அனுப்புவது திட்டம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. காண்ட்ராக்ட் முறை என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆலையில் நிரந்தர வேலை என்பது ஒழிந்துவருகிறது. பதுங்குகுழியிலும் அதே முறையா? நாலு வருஷச் சிப்பாயும் பதினைந்து வருஷச் சிப்பாயும் ஒரே குழிக்குள்தான் உட்காருகிறார்கள். மேலே பறக்கும் டிரோன் அவர்களைப் பேதம் பார்க்காது. பேதம் பார்ப்பது சம்பளப் பட்டியல் ஒன்றுதான்.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசியில் படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். ஏரியில் மண் வெட்டிய பெண்கள் தினம் இருமுறை படத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. ஆள் வந்தாளா என்று அந்தப் படம் சொல்லிற்று. கூலி வந்ததா என்று சொல்லிற்றா? மண் வெட்டுகிறவன் ஏரியில் இருந்தாலும் எல்லையில் இருந்தாலும், அவனைப் பார்க்கக் கருவி உண்டு. அவனுக்குச் சேர வேண்டியதைப் பார்க்கக் கருவி இல்லை!

கணக்குக் காட்டட்டும்!

நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறை என்று தேசமே அதைப் புகழ்கிறது. அந்தச் சபையில் நிலம் உள்ளவனுக்கே இடம். உழுதவனுக்கு இடமில்லை என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அதில் ஒரு நல்ல விதி உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது.

யுத்தத்துக்கும் அந்த விதியே வேண்டும். எத்தனை குழியைப் படம் எடுத்தோம், எத்தனை குழியை அழித்தோம் என்று காட்டுகிறவர்கள், எத்தனை பிள்ளைகளைக் குழிக்குள் அனுப்பினோம், எத்தனை பேர் திரும்பினார்கள், திரும்பாதவர் குடும்பத்துக்கு என்ன கொடுத்தோம் என்ற கணக்கையும் ஜனங்கள் முன்னால் வைக்க வேண்டும். அந்நிய யுத்தத்தில் காணாமற்போன ஒவ்வொரு இந்தியனின் கதியையும் அவன் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவனை விற்ற ஏஜெண்டுகளைக் கூண்டில் ஏற்ற வேண்டும். எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு நிரந்தர வேலையும் பென்ஷனும் வேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை அப்படி ஒரு படம் கைக்கு வந்தால், வேடிக்கை பார்த்துவிட்டுத் தள்ளிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: குழிக்குள் இருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை? அவனை அனுப்பியவன் எங்கே இருக்கிறான்? கேமரா யார் கையில்? இந்த மூன்றையும் ஊருக்கு ஊர் கேட்கத் தொடங்கினால், குழி வெட்டச் சொல்லுகிறவர்கள் நமக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.